இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் ஆன்லைன் மாஸ்டர்ஸ்: விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் மாஸ்டர்ஸை ஆன்லைனில் படிக்க விண்ணப்பிப்பது மூளையைக் கசக்குகிற வேலை இல்லை, நாள் பிடிக்கிற வேலை. (பாடங்களையும் பயிற்சிகளையும் ஆட்கள் உண்மையில் கற்றுக்கொள்ளும்படி வடிவமைக்கிற துறை இது.) பெரும்பாலான புரோகிராம்கள் இப்போது ஜிஆர்ஈ நுழைவுத் தேர்வு கேட்பதில்லை. கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு இருக்கிற தள்ளுமுள்ளும் இங்கே கிடையாது. இளங்கலையில் நான்குக்கு மூன்று என்ற அளவில் ஜிபிஏ இருந்தால் பல இடங்களில் போதும். அப்படியும் ஆட்கள் ஒரு செமஸ்டரைக் கோட்டை விடுகிறார்கள் என்றால் காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று: ஊரிலிருந்து வரவேண்டிய காகிதம் நேரத்துக்கு வரவில்லை, இல்லையென்றால் எஸ்ஓபி, அதாவது ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று எழுதித்தரும் கட்டுரை, யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடியதாக இருந்தது. அந்த இரண்டுக்கும்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு வகை ஆட்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கணவரோ மனைவியோ எச்-1பி விசாவில் இருக்க, எச்-4ல் அமெரிக்காவில் இருப்பவர்கள் ஒரு வகை. ஊரில் ஸ்கூல் டீச்சராகவோ இன்ஜினியரிங் காலேஜ் லெக்சரராகவோ இருந்துவிட்டு வந்தவர்கள் இதில் நிறையப் பேர். இன்னொரு வகை, சென்னையிலோ கோவையிலோ பெங்களூரிலோ இ-லேர்னிங் கம்பெனிக்குக் கண்டென்ட் எழுதிக்கொண்டு, அல்லது ஐடி கம்பெனியின் டிரெய்னிங் பிரிவில் இருந்துகொண்டு, வேலையை விடாமல் படிக்க நினைப்பவர்கள்.

முதலில் விசா விஷயத்தை முடித்துவிடுவோம்

எச்-4ல் இருப்பவர் படிக்கத் தனி அனுமதி எதுவும் வாங்க வேண்டாம், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறவும் வேண்டாம். ஆன்லைனோ கேம்பஸோ, முழுநேரமோ பகுதிநேரமோ, அதே விசாவில் படிக்கலாம். வேலை பார்ப்பது மட்டும் வேறு கதை. அதற்கு ஈஏடி என்ற வேலை அனுமதி வேண்டும், அது வாழ்க்கைத் துணையின் கிரீன் கார்டு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீங்கள் மாஸ்டர்ஸ் முடிப்பதால் அந்த அனுமதி வந்துவிடாது. சில புரோகிராம்களில் கடைசியில் பிராக்டிகம் அல்லது இன்டர்ன்ஷிப் கட்டாயம். ஈஏடி இல்லாதவர்கள் அதற்குப் பதிலாக வகுப்புப் புராஜெக்ட் செய்ய முடியுமா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இந்தியாவில் இருந்தபடியே படிக்கப் போகிறவர்களுக்கு: முழுக்க ஆன்லைன் என்றால் ஐ-20 (மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) கிடையாது, விசா கிடையாது, படித்து முடித்தபின் ஓபிடி என்ற தற்காலிக வேலை அனுமதியும் கிடையாது. எஃப்-1 மாணவர்கூட ஒரு செமஸ்டரில் முழுநேரக் கணக்குக்கு ஒரே ஒரு ஆன்லைன் வகுப்பைத்தான் சேர்த்துக்கொள்ள முடியும். ஆகவே அமெரிக்கா போவதுதான் உண்மையான நோக்கம் என்றால் இந்தப் படிப்பு அதற்கு வழி இல்லை. கேம்பஸ் புரோகிராம் தேடுங்கள். அதேபோல, இதைக் காட்டி இந்தியாவில் அரசுப் பணிக்கோ காலேஜ் வேலைக்கோ போகலாம் என்ற எண்ணம் இருந்தால் வெளிநாட்டுப் பட்டத்துக்கு ஈக்விவலன்ஸ் (இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்ற சான்று) வாங்க வேண்டியிருக்கும். ஆன்லைனில் வாங்கிய பட்டத்துக்கு அது சுலபத்தில் கிடைக்காது. யூஜிசி, ஏஐயூ (இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்) இரண்டின் இன்றைய விதிகளையும் படித்துவிட்டு முடிவெடுங்கள். தனியார் கம்பெனியில்தான் இருக்கப் போகிறேன் என்பவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை.

எந்த மாதிரியான புரோகிராம்?

பெயரைப் பார்த்துத் தேடாதீர்கள். ஒரே படிப்பு ஓரிடத்தில் இன்ஸ்ட்ரக்‌ஷனல் சிஸ்டம்ஸ், இன்னோரிடத்தில் லேர்னிங் டிசைன் அண்ட் டெக்னாலஜி, வேறொரு இடத்தில் எஜுகேஷனல் டெக்னாலஜி. உள்ளே போய்ப் பார்த்தால் அநேகமாக மூன்று வகைதான்: கம்பெனிப் பயிற்சிக்குத் தயார் செய்வது, பள்ளிக்கூட டெக்னாலஜிக்குத் தயார் செய்வது, கல்லூரிகளில் ஆன்லைன் கோர்ஸ் உருவாக்கும் வேலைக்குத் தயார் செய்வது.

இந்தப் பிரிவுகளுக்குப் பின்னால் கொஞ்சம் வரலாறு இருக்கிறது. இந்தத் துறை வளர்ந்ததே பெரும்பாலும் ராணுவப் பயிற்சியில். இன்று எல்லோரும் ஏடி (ADDIE) என்று சொல்கிற பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயல்படுத்தல், மதிப்பீடு என்ற வரிசையின் வேர், 1975-ல் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் அமெரிக்க ராணுவத்துக்குச் செய்துகொடுத்த ஒரு மாதிரியில் இருக்கிறது. கற்பித்தல் வடிவமைப்பின் முன்னோடிகளான ராபர்ட் கான்யே, வால்டர் டிக் போன்றவர்கள் பணிபுரிந்த இடம் அது, இப்போதும் இந்தத் துறையில் ஆன்லைன் மாஸ்டர்ஸ் நடத்துகிறது. இந்தியானா பல்கலைக்கழகத்தின் இன்ஸ்ட்ரக்‌ஷனல் சிஸ்டம்ஸ் டெக்னாலஜி துறையும் பழைய, பெயர் பெற்ற துறை. சென்னையிலிருந்து போய் அங்கே டாக்டர் பட்டம் வாங்கிய சிவசைலம் தியாகராஜன்தான், பயிற்சி விளையாட்டுகளுக்காக உலகம் முழுவதும் 'தியாகி' என்று அறியப்படுபவர். அவர் இன்னும் இருவரோடு சேர்ந்து 1974-ல் வெளியிட்ட 4டி என்ற பாட வடிவமைப்பு மாதிரியை இந்தோனேசிய ஆராய்ச்சி மாணவர்கள் இன்றும் மேற்கோள் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நம் ஊர்க்காரர்களில் பலருக்கு அவர் பெயரே தெரியாது என்பது வேறு விஷயம்.

வகை என்று சொன்னேன் அல்லவா, அதற்கு நல்ல உதாரணம் ஐடஹோவில் இருக்கும் பாய்சி ஸ்டேட். ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆன்லைன் மாஸ்டர்ஸ் உண்டு. ஆர்கனைசேஷனல் பெர்ஃபார்மன்ஸ் அண்ட் வொர்க்ப்ளேஸ் லேர்னிங் என்பது ஒன்று. அது இருப்பது, நம்ப மாட்டீர்கள், இன்ஜினியரிங் காலேஜில். இன்னொன்று எஜுகேஷனல் டெக்னாலஜி, அது கல்வியியல் கல்லூரியில். முதலாவது, கம்பெனியில் ஊழியர் ஏன் சரியாக வேலை செய்யவில்லை, அதற்குப் பயிற்சிதான் மருந்தா வேறு ஏதாவதா என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறது. இரண்டாவது, வகுப்பறைக்கும் ஆன்லைன் கற்பித்தலுக்கும் டெக்னாலஜியை எப்படிக் கொண்டுவருவது என்று பார்க்கிறது. தப்பானதில் சேர்ந்துவிட்டால் இரண்டு வருடமும் பணமும் போகும், படிப்பு மோசம் என்பதால் அல்ல, உங்களுக்கானது இல்லை என்பதால்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கோர்ஸ் பட்டியலைத் திறந்து கட்டாயப் பாடங்களை மட்டும் பாருங்கள். தேவைப் பகுப்பாய்வு, செயல்திறன், மதிப்பீடு, புராஜெக்ட் மேனேஜ்மென்ட் என்று வந்தால் கம்பெனி வகை. வகுப்பறை, பாடத்திட்டம், ஆசிரியர் தலைமை என்று வந்தால் பள்ளி வகை. அப்புறம் லிங்க்ட்இனில் அந்தப் பல்கலைக்கழகப் பக்கத்தில் பழைய மாணவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று பாருங்கள். எந்த விளம்பரப் பக்கத்தை விடவும் அது உண்மையைச் சொல்லும். ஸ்டோரிலைன், கேப்டிவேட் என்று சாஃப்ட்வேர் பெயர்களைப் பெரிதாகப் போட்டு ஆள் பிடிக்கிற புரோகிராம் மீது எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. அதையெல்லாம் யூடியூபில் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம், கிரெடிட்டுக்கு நூற்றுக்கணக்கில் டாலர் கொடுத்துக் கற்க வேண்டியது ஸ்டோரிலைன் அல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே ஐந்தாறு வருடமாக இ-லேர்னிங் கம்பெனியில் ஸ்டோரிபோர்டு எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு மாஸ்டர்ஸ் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். பல பல்கலைக்கழகங்கள் நான்கைந்து பாடங்களில் முடிகிற கிராஜுவேட் சர்ட்டிபிகேட் வைத்திருக்கின்றன. 12 முதல் 15 கிரெடிட். பிடித்திருந்தால் அந்தக் கிரெடிட்டுகளை அப்படியே மாஸ்டர்ஸில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிற இடங்களும் உண்டு. சில இடங்களில் எந்தப் பட்டத்திலும் சேராமலேயே ஒரு பாடம் எடுத்துப் பார்க்கலாம். ஆசிரியராக இருந்து இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குத்தான் முழு மாஸ்டர்ஸ் அதிகம் பயன்படும், ஏனென்றால் கற்பிக்கத் தெரியும் என்பதை அமெரிக்கக் கம்பெனிகள் புரிந்துகொள்கிற மொழியில் சொல்ல அதுதான் கற்றுத்தரும்.

அங்கீகாரமும் தொலைபேசி அழைப்பும்

அமெரிக்காவில் பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் கொடுப்பது மத்திய அரசு அல்ல, தனி அமைப்புகள். ஹையர் லேர்னிங் கமிஷன் போன்ற பழைய பிராந்திய அமைப்புகளில் ஒன்றின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கக் கல்வித் துறையின் இணையதளத்திலேயே பெயரைப் போட்டுத் தேடலாம். இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனுக்கென்று தனி அங்கீகாரம் தேட வேண்டாம், முழுப் பல்கலைக்கழகத்துக்கு இருந்தால் சரி.

தகவல் கேட்டு ஒரு படிவத்தை நிரப்பியதும் அடுத்த அரைமணியில் அன்பொழுகப் பேசும் ஒரு 'என்ரோல்மென்ட் அட்வைசர்' கூப்பிடுவார். அவர் பல்கலைக்கழக ஊழியராக இல்லாமலும் இருக்கலாம். பல இடங்களில் ஆன்லைன் புரோகிராமின் விளம்பரத்தையும் ஆள் சேர்ப்பையும் வெளிக் கம்பெனிகள் நடத்துகின்றன, கட்டணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும். அவர்கள் சொல்வது பொய் என்று சொல்லவில்லை. ஆனால் 'இந்த வாரமே அப்ளை பண்ணுங்கள்' என்பதை அவர்கள் வாயிலிருந்து கேட்டு முடிவெடுக்காதீர்கள். துறையின் புரோகிராம் கோஆர்டினேட்டருக்கு ஈமெயில் போடுங்கள், பாடம் பற்றிய கேள்விக்கு அவர்தான் சரியான ஆள்.

பணம்

பெரும்பாலான புரோகிராம்கள் 30 முதல் 36 கிரெடிட், அதாவது மூன்று கிரெடிட் பாடங்களாகப் பத்து முதல் பன்னிரண்டு. கிரெடிட்டுக்கு 500 டாலர் என்று வைத்துக்கொண்டால் 36 கிரெடிட்டுக்கு 18,000 டாலர். இதன் மேல் டெக்னாலஜி கட்டணம், ஆன்லைன் கட்டணம் என்று ஏதாவது இருக்கும். கட்டணப் பக்கத்தில் கடைசி வரி வரை படியுங்கள். வேறு மாநிலத்தவருக்கு ஒரு விலையா, ஆன்லைனில் எல்லோருக்கும் ஒரே விலையா என்பதும் அங்கேதான் ஒளிந்திருக்கும். வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் மாதிரி ஆறு மாதத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்குகிற இடமும் உண்டு. வேகமாக முடிக்கிறவர்களுக்கு லாபம்.

மத்திய அரசுக் கடன் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும்தான், எச்-4க்குக் கிடையாது. தகுதி உள்ளவர்களுக்கும் 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும்போது கிராட் பிளஸ் என்ற கூடுதல் கடன் இல்லை. மாஸ்டர்ஸ் மாணவருக்கு வருடத்துக்கு 20,500 டாலர் என்பதுதான் வரம்பு. ஈஏடியோடு வேலையில் இருப்பவர்கள் முதலில் எச்ஆரிடம் கேளுங்கள். கம்பெனி கொடுக்கும் படிப்பு உதவியில் வருடத்துக்கு 5,250 டாலர் வரை வரி கிடையாது, இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் என்று வரியில் 2,000 டாலர் வரை குறைக்கலாம்தான். ஆனால் கணவனும் மனைவியும் சேர்ந்து தாக்கல் செய்யும்போது வருமானம் 1,80,000 டாலரைத் தொட்டால் அது இல்லை. இரண்டு ஐடி சம்பளம் உள்ள வீட்டில் அதை மறந்துவிடலாம். இந்தியாவிலிருந்து கட்டுகிறவர்கள் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பும் மொத்தப் பணம் 10 லட்சம் ரூபாயைத் தாண்டாமல் பாடங்களைப் பிரித்து எடுத்தால் டிசிஎஸ் என்ற வரிப் பிடித்தம் வராது.

காகிதங்கள்: இதை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்

மார்க் ஷீட் வேறு, டிரான்ஸ்கிரிப்ட் வேறு. உங்கள் அலமாரியில் இருக்கும் செமஸ்டர் மார்க் ஷீட்டுகளை ஸ்கேன் செய்து ஏற்றினால் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பார்கள், பல இடங்களில் அதுவே போதும். ஆனால் இடம் கிடைத்தபிறகு அதிகாரபூர்வமான டிரான்ஸ்கிரிப்ட் கேட்பார்கள். அது பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து, ஒட்டி முத்திரையிட்ட உறையிலோ மின்னணு வழியிலோ நேராகப் போக வேண்டும். நடுவில் நீங்கள் உறையைப் பிரித்துப் பார்த்தால் செல்லாது. இணைப்புக் கல்லூரியில் படித்தவர்கள் கல்லூரி ஆபீஸில் போய் நின்று பயனில்லை, பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் மதிப்பெண் பதிவு கல்லூரியில் இருக்கும், பட்டம் பல்கலைக்கழகத்தில் இருக்கும். இரண்டு இடத்திலும் வேலை உண்டு. கன்வகேஷன் சர்ட்டிபிகேட் இன்னும் வாங்காமல் புரொவிஷனலை வைத்துக்கொண்டே பத்து வருடம் ஓட்டியவர்கள் நம்மில் நிறையப் பேர். இப்போது வாங்கிவிடுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள், ஊரில் ஒருவருக்கு ஆத்தரைசேஷன் லெட்டரும் உங்கள் பாஸ்போர்ட் நகலும் கொடுத்து அனுப்பினால்தான் கவுண்டரில் பேசுவார்கள்.

இதோடு பல பல்கலைக்கழகங்கள் கிரெடென்ஷியல் எவாலுவேஷன் கேட்கும். டபிள்யூஈஎஸ், ஈசிஈ மாதிரி அமைப்புகள் உங்கள் பட்டத்தை அமெரிக்கக் கணக்குக்கு மாற்றிக் கொடுப்பதுதான் அது. பட்டத்தை மட்டும் சொல்லும் அறிக்கை ஒன்று, பாடவாரியாக ஜிபிஏ போட்டுத் தருவது ஒன்று, இரண்டாவதற்கு விலை அதிகம். விண்ணப்பிக்கும் இடம் எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எவாலுவேஷனே வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்கிற பல்கலைக்கழகமும் இருக்கிறது. பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். என்று மூன்று வருடப் பட்டம் வைத்திருப்பவர்கள் இதை முன்னாலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: சில இடங்களில் மூன்று வருடம் போதும், சில இடங்களில் அதன் மேல் எம்.ஏ.வோ பி.எட்.டோ இருந்தால்தான் நான்கு வருடத்துக்குச் சமம் என்பார்கள். பி.எட். படித்த டீச்சர்களே, அந்த டிரான்ஸ்கிரிப்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

சதவீதத்தை நீங்களாக ஜிபிஏவாக மாற்ற வேண்டாம். 75 சதவீதத்தை 25ஆல் வகுத்தால் மூன்று என்று போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இந்திய மதிப்பெண்ணுக்கு அது பொருந்தாது, பெரும்பாலும் உங்களுக்கே நஷ்டம். அறுபதுக்கு மேல் முதல் வகுப்பு என்பது அவர்களுக்குத் தெரியும். படிவத்தில் அசல் அளவிலேயே போடச் சொல்லியிருந்தால் 100க்கு 75 என்று அப்படியே போடுங்கள்.

அடுத்தது நமக்கே உரிய தொல்லை, இனிஷியல். மார்க் ஷீட்டில் 'கவிதா எம்', பாஸ்போர்ட்டில் 'கவிதா முருகேசன்', கல்யாணத்துக்குப் பிறகு புதுப்பித்த பாஸ்போர்ட்டில் 'கவிதா செந்தில்குமார்', இன்னும் சிலருக்கு சர்நேம் இடமே காலி, அதனால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்). அந்த ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்கு இது மூன்று வேறு ஆட்கள். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே போடுங்கள். 'வேறு பெயர்கள்' என்று ஒரு கட்டம் கண்டிப்பாக இருக்கும், அதில் மார்க் ஷீட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் ஒவ்வொன்றையும் போடுங்கள். எம் என்பது தகப்பனார் பெயரின் முதல் எழுத்து என்று ஒரு வரி ஈமெயில் முன்கூட்டியே அனுப்பிவிட்டால், டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேர்ந்தும் 'வரவில்லை' என்று கணக்கு காட்டுகிற கூத்து நடக்காது.

ஆங்கிலத் தேர்வு

டோஃபல், ஐஈஎல்டிஎஸ் இரண்டும் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், டுவோலிங்கோவை ஏற்கிற இடங்களும் நிறைய. டோஃபலின் மதிப்பெண் அளவு 2026 ஜனவரியில் 1 முதல் 6 வரை என்று மாறிவிட்டது, பழைய பக்கங்களில் 80, 90 என்று பார்த்துக் குழம்ப வேண்டாம். அமெரிக்காவில் ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியிருந்தால் பொதுவாக விலக்கு உண்டு. ஆங்கில வழியில் படித்தேன் என்று ஊர்க் கல்லூரி தரும் மீடியம் ஆஃப் இன்ஸ்ட்ரக்‌ஷன் சான்றிதழைச் சில இடங்கள் ஏற்கும், சில ஏற்காது. கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எஸ்ஓபி

'சிறுவயதிலிருந்தே எனக்குக் கற்பித்தலில் ஆர்வம்' என்று தொடங்குகிற எஸ்ஓபியை இனி யாரும் எழுதாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. படிக்கிறவர் ஒரு பேராசிரியர், அவர் மேசையில் அதே வரி அன்றைக்கே நான்கு முறை வந்திருக்கும். அவர் தேடுவது ஒன்றுதான்: ஆட்கள் ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்று இவர் எப்போதாவது உட்கார்ந்து யோசித்திருக்கிறாரா? அதைக் காட்ட ஒரே ஒரு சம்பவம் போதும். இப்படி ஒரு பத்தியை நினைத்துப் பாருங்கள். நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், சரக்கு என்ன என்று காட்டத் தமிழில் தருகிறேன்:

"வங்கிக் கிளைகளில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கணக்குத் தொடங்கும் நடைமுறையைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. மூன்று மணி நேர ஸ்லைடு. முடிவில் வைக்கும் டெஸ்ட்டில் எல்லோரும் தேறிவிடுவார்கள், அடுத்த மாதமே படிவங்கள் பிழையோடு திரும்பி வரும். அந்தப் படிவங்களை எடுத்து வைத்துப் பார்த்தபோது பெரும்பாலான பிழைகள் முகவரிச் சான்றும் அடையாளச் சான்றும் ஒத்துப்போகாத இடத்தில்தான் இருந்தன. விதி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எதிரே வாடிக்கையாளர் நிற்கும்போது எதை முதலில் சரிபார்ப்பது என்பதுதான் தெரியவில்லை. ஸ்லைடில் பாதியை எடுத்துவிட்டு, பெயர் மறைத்த பிழைப் படிவங்களைக் கொடுத்துத் தவறைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். கவுண்டரில் வைத்துக்கொள்ள ஒரு பக்கச் சரிபார்ப்புத் தாளும் கொடுத்தேன். பிழைகள் குறைந்தன. பயிற்சியால் குறைந்ததா, அந்தத் தாளால் குறைந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை."

கடைசி வரியைப் பாருங்கள். தெரியாததைச் சொல்லியிருக்கிறார், அதுவும் மதிப்பீடு என்ற பாடம் பதில் சொல்ல வேண்டிய ஒரு தெரியாமை. அடுத்த பத்தியில் 'உங்கள் புரோகிராமில் மதிப்பீட்டுக்கு ஒரு தனிப் பாடம் இருக்கிறது, அதற்காகவே விண்ணப்பிக்கிறேன்' என்று எழுதினால் இயல்பாகப் பொருந்தும். ஏடி, புளூம், கர்க்பாட்ரிக் என்று இந்தத் துறையில் அடிபடுகிற ஒரு பெயர்கூட இதில் இல்லை என்பதையும் கவனியுங்கள். கூகுளில் தேடி அந்தப் பெயர்களைத் தூவினால் அறிவு தெரியாது, தேடியதுதான் தெரியும்.

எனக்கு அப்படிப்பட்ட வேலை அனுபவம் இல்லையே என்று எச்-4ல் இருக்கிற தோழிகள் சொல்வார்கள். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறீர்கள் அல்லவா? வீட்டில் தமிழ் காதில் விழுகிறது, வாயில் வருவது ஆங்கிலம் என்ற நிலையில் ஒரே வகுப்பில் பதினைந்து பிள்ளைகள், அதில் பாதிக்கு ல, ள, ழ பிரித்துக் கேட்கவே வராது, வாரத்துக்கு இரண்டு மணி நேரம். இதை விட நல்ல இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் பிரச்சினையை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. என்ன செய்தீர்கள், எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று எழுதுங்கள். சம்பளம் இல்லாத வேலை என்பதால் அது குறைந்துவிடாது.

வேலையில் இடைவெளி இருந்தால் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். அரியர் இருந்தாலும் அப்படித்தான். டிரான்ஸ்கிரிப்டில் எத்தனையாவது முறை தேறினீர்கள் என்பது தெரியலாம், அதற்கு இரண்டு வரி விளக்கம் போதும், மன்னிப்புக் கடிதம் வேண்டாம். எத்தனை சொல் என்று அவர்கள் சொல்லியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள். சுருக்கமாகச் சொல்லத் தெரியாதவர் எப்படிப் பாடம் வடிவமைப்பார் என்ற கேள்வி வரும். ஏஐயிடம் முழுதாக எழுதி வாங்குவது பற்றி ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு விதி இருக்கிறது, அதைப் படித்துக்கொள்ளுங்கள். விதி ஒருபுறம் இருக்கட்டும், அது எழுதித்தருவது மறுபடியும் அந்தச் 'சிறுவயதிலிருந்தே' வகையாகத்தான் இருக்கும்.

ரெகமண்டேஷன் லெட்டர்

இரண்டோ மூன்றோ கேட்பார்கள். நீங்கள் பெயரும் ஈமெயிலும் போட்டதும் போர்ட்டல் அவர்களுக்கு நேராக ஒரு இணைப்பு அனுப்பும். அதற்கு முன் உங்களிடம் ஒரு கேள்வி வரும்: இந்தக் கடிதத்தைப் பிற்பாடு பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா? 'ஆம்' என்று போடுவதுதான் வழக்கம். நீங்கள் பார்க்க முடியாத கடிதத்துக்குத்தான் மதிப்பு.

நம் ஊர்ப் பேராசிரியர்களிடம் போனால் 'நீயே எழுதிக் கொண்டுவாம்மா, கையெழுத்துப் போட்டுத் தரேன்' என்பார்கள். அன்பால்தான் சொல்கிறார்கள், ஆனால் ஒரே கையில் எழுதிய மூன்று கடிதம் ஒரே மாதிரி இருக்கும் என்பது படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: எந்த வருடம் அவரிடம் படித்தீர்கள், என்ன புராஜெக்ட் செய்தீர்கள், இப்போது என்ன வேலை, எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள், கடைசித் தேதி என்ன. ஸ்பேமையும் பார்க்கச் சொல்லுங்கள். அலுவலக ஈமெயில்தான் வேண்டும் என்று கேட்கிற போர்ட்டல்கள் உண்டு, ஜிமெயில் மட்டும் வைத்திருக்கும் சாரிடம் கல்லூரி முகவரி இருக்கிறதா என்று கேளுங்கள். பத்து வருடம் முந்தைய பேராசிரியருக்கு உங்கள் முகமே நினைவில்லை என்றால், நீங்கள் செய்த பயிற்சியைக் கண்ணால் பார்த்த டீம் லீடரோ தமிழ்ப் பள்ளி ஒருங்கிணைப்பாளரோ மேல்.

போர்ட்ஃபோலியோ (நீங்கள் செய்த வேலைகளின் மாதிரித் தொகுப்பு) எல்லா இடத்திலும் கேட்பதில்லை. கேட்டால், ஐந்து நிமிடத்தில் முடிகிற ஒரு சிறு பாடம் போதும். பாடம் உருவாக்கும் சாஃப்ட்வேரான ஆர்ட்டிகுலேட் 30 நாள் இலவசமாகக் கிடைக்கும், கூகுள் ஸ்லைட்ஸிலேயே செய்தாலும் குற்றமில்லை. கம்பெனிக்குச் செய்த வேலையை அனுமதி இல்லாமல் போடாதீர்கள். கிளையன்ட் பெயர் தெரிந்தால் வம்பு.

அனுப்பும் முன்பும் பின்பும்

ஆகஸ்டில் தொடங்க வேண்டுமென்றால் டிரான்ஸ்கிரிப்ட் வேலையை ஜனவரியிலேயே தொடங்குங்கள். கடைசித் தேதி இடத்துக்கு இடம் மாறும், இடம் இருக்கும்வரை எடுத்துக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. தேதி என்றால் அமெரிக்க நேரம். கிழக்குக் கரை இரவு 11:59 என்பது கோடைக் கணக்கில் இந்தியாவில் மறுநாள் காலை 9:29, குளிர்காலத்தில் 10:29. இந்தியாவிலிருந்து படிக்கிறவர்கள் இன்னொன்றும் கேளுங்கள்: நேரலை வகுப்பு உண்டா, வராவிட்டால் மதிப்பெண் போகுமா? கிழக்குக் கரை மாலை ஏழு மணி வகுப்பு கோடையில் நமக்கு விடியற்காலை நாலரை. ஒரு வாரம் எழுந்துவிடலாம், பதினைந்து வாரம் எழ முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

சமர்ப்பித்த பிறகு வாரம் ஒருமுறை போர்ட்டலில் நிலையைப் பாருங்கள். 'இன்கம்ப்ளீட்' என்று இருந்தால் யாரும் உங்கள் விண்ணப்பத்தைத் திறக்கவே இல்லை என்று பொருள். அனுப்பியாச்சே என்று கோபப்படாமல் எந்தத் தேதியில், எந்தப் பெயரில், எந்த கூரியர் எண்ணில் அனுப்பினீர்கள் என்று எழுதுங்கள்.

இடம் கிடைத்ததும் முதல் செமஸ்டரில் ஒரே ஒரு பாடம் எடுங்கள், அறிமுகப் பாடமாக இருந்தால் நல்லது. அமெரிக்கக் கடன் வாங்குகிறவர்கள் மட்டும் பாதிநேரக் கணக்கு வர வேண்டும் என்பதால் எத்தனை கிரெடிட் என்று நிதி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு செய்யப் போகும்போது 'ஹோல்ட்' (பதிவுத் தடை) என்று வந்தால் பயப்பட வேண்டாம். அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட் பாக்கி இருக்கும், இல்லையென்றால் தடுப்பூசி விவரம் கேட்டிருப்பார்கள். ஆன்லைன் மாணவருக்கு அது பெரும்பாலும் தேவையில்லை, ஆனால் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரிலேயே நீங்கள் குடியிருந்தால் சிஸ்டம் உங்களைக் கேம்பஸ் மாணவராக நினைத்துக்கொள்ளும். மாணவர் சுகாதார அலுவலகத்துக்கு 'நான் முழுக்க ஆன்லைன்' என்று ஒரு ஈமெயில் போட்டால் எடுத்துவிடுவார்கள். அதைப் பதிவு தொடங்கும் நாளுக்கு முன்பே செய்துவிடுங்கள், அறிமுகப் பாடத்தின் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.